கொழும்புக்கு ஓடிய சுதேசிக் கப்பல்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேயுள்ள கடல் நீராவிக் கப்பலில் ஓர் இரவிற் கடக்கத்தக்கது. அத்துணைக் குறுகிய கடலிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பேரரசின் வணிக வலிமையைத் தமிழ் வழக்கறிஞர் ஒருவர் எதிர்த்து நின்றார். பாரத நாட்டு விடுதலைப் போராட்டத்தைப் பேசும்பொழுது நாம் வங்கத்தையும் மராட்டியத்தையும் பஞ்சாபையும் நினைக்கின்றோம். சம்பாரணையும் தண்டிக் கடற்கரையையும் நினைக்கின்றோம். எமது கரையைத் தொட்டுச் சென்ற போராட்டமொன்றும் அவற்றோடு உண்டென்பதை அவ்வளவாக நினைப்பதில்லை.

வ. உ. சிதம்பரம்பிள்ளை என்னும் பெயரை எம்முட் பலர் அறிவர். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் திரைப்படம் அப்பெயரை மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சென்றது. ஆயினும், அன்னார் சிறையிலே செக்கிழுத்ததைச் சொல்லிக் கண்கலங்குமளவுக்கு, அவர் ஓட்டிய கப்பல் எங்கே ஓடிற்று, யாருடைய பணத்தால் ஓடிற்று, ஏன் நின்றது என்று நாம் கேட்பதில்லை. துன்பத்தை நினைப்பது எளிது. கணக்கை நினைப்பது கடினம். இக்கட்டுரை பெரும்பாலும் அக்கணக்கைப் பற்றியதே.

முதலில் அக்கடல் வழியின் நிலையை அறிந்துகொள்ளல் வேண்டும். 1870களிலே தென்னிந்திய இருப்புப்பாதை தூத்துக்குடியை அடைந்தது. அதே காலத்திற் கொழும்பிலே அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கினர். அதன்பின் காலித் துறைமுகத்துக்கு இருந்த முதன்மை கொழும்புக்கு மாறியது. இலங்கையின் மலைநாட்டிலே கோப்பிப் பயிர் நோயால் அழிய, தேயிலை தழைத்தது. தேயிலைக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு அரிசி வேண்டும். முன்னைய நாளில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியிலேயே மாண்டுபோன தொழிலாளர் எண்ணற்றோர். நீராவிக் கப்பல் வழி பெருகப் பெருக, வணிகரும் அவர்தம் கணக்கப்பிள்ளைமாரும் தொழிலாளரும் அரிசி மூடைகளும் துணிப் பொதிகளும் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வரலாயினர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிற் கப்பல் ஓடத் தொடங்கியது 1914ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் இரு நாட்டுக்கும் இடையே தலையாய வழி இதுவே.

அவ்வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பனி என்னும் ஆங்கிலேயக் கம்பனியின் கையில் இருந்தது. அது வைத்ததே கட்டணம். அது கொடுத்ததே இடம். தூத்துக்குடித் துறையோ ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரைக்குப் பல மைல் அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். தோணிகளிலே சரக்கையும் ஆட்களையும் கொண்டுசென்று ஏற்றுவர். தோணி எமதாய் இருந்தது. கப்பல் அவர்களதாய் இருந்தது. முன்னொரு நாள் கொற்கையிலிருந்து முத்து ஏற்றியனுப்பிய கடற்கரை அது என்பதை நினைப்பவர்களுக்கு, அந்நாளைத் தூத்துக்குடியின் காட்சி இனித்திருக்க மாட்டாது.

சிதம்பரம்பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார். தந்தையார் உலகநாதபிள்ளை வழக்கறிஞர். மகனும் அத்தொழிலையே கற்று, 1900ஆம் ஆண்டளவிலே தூத்துக்குடிக்கு வந்து தொழில் நடத்தலானார். தமிழ் நூற் பயிற்சியும் சைவப் பற்றும் மிக்கவர். சென்னையில் இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி இராமகிருஷ்ணானந்தரைக் கண்டு உரையாடியபோது, சுதேசியமே நாட்டுக்கு வழி என்று அத்துறவி கூறிய சொல் தம் உள்ளத்தில் விதையாக விழுந்ததென்று பின்னாளிலே அவர் குறித்துள்ளார். துறவியிடம் முத்திக்கு வழி கேட்கச் செல்வார் பலர்; வணிகத்துக்கு வழி கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான் போலும்.

வித்து விழுந்த நிலத்துக்கு மழை வங்கத்திலிருந்து வந்தது. கேர்சன் பிரபு வங்க மாகாணத்தை இரண்டாகப் பிரிக்கத் துணிந்தார். 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி கல்கத்தா நகர மண்டபத்திலே கூடிய பெருங்கூட்டம் அந்நியப் பொருளை விலக்கத் தீர்மானித்தது. ஒக்டோபர் 16ஆந் திகதி பிரிவினை நடைமுறைக்கு வந்தது. மான்செஸ்டர்த் துணியைத் தெருவிலே குவித்து எரித்தனர். திலகர் மராட்டியத்திலும், லாலா லஜபதிராயர் பஞ்சாபிலும், விபின சந்திர பாலர் வங்கத்திலும் அவ்வியக்கத்துக்குத் தலைநின்றனர். இச்செய்திகள் பாட நூல்கள் யாவற்றிலும் உள்ளன. யான் பயின்ற மிஷன் கல்லூரியின் நூல்நிலையத்திலும் பழைய இந்திய வரலாற்று நூல்கள் சில இருந்தன. அவற்றிற் கிளைவும் கேர்சனும் உண்டு, தூத்துக்குடி என்னும் சொல்தான் இல்லை.

துணியை எரித்தல் ஒரு செயல். நெய்தல் மற்றொரு செயல். தூத்துக்குடியார் இரண்டாவதைத் தெரிந்துகொண்டனர். தர்மசங்க நெசவுசாலை, தேசியப் பண்டகசாலை என்பன சிதம்பரம்பிள்ளையின் முயற்சியாற் தோன்றின. பின்னர் அவர் கடலை நோக்கினார். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர்த் திங்களில், வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்து ஓராண்டு நிறைந்த அதே திங்களில், சுதேசிக் கப்பற் கம்பனி சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். சிதம்பரம்பிள்ளை உதவிக் காரியதரிசி என்னும் சிறு பதவியை ஏற்றுக்கொண்டு, வேலை முழுவதையும் தோளிற் சுமந்தார்.

கம்பனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அது 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. பங்கொன்றுக்கு 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் இஸ்லாமியப் பெருவணிகர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் ஈந்தார். அதாவது, இக்கம்பனியின் ஐந்திலொரு பங்கு ஒரு முஸ்லிம் அன்பரின் பணம். விடுதலை இயக்கத்தைச் சமய வேலியிட்டுப் பார்க்க விரும்புவோர் இக்கணக்கை ஒருமுறை பார்த்தல் நன்று. ஆசியாக் கண்டத்தவர் எவரும் பங்கு வாங்கலாம் என்பது கம்பனியின் விதிகளுள் ஒன்று. இந்தியர் என்று மட்டும் எழுதியிருந்தாற் போதுமன்றோ? கப்பலின் ஒரு முனை தூத்துக்குடியானால் மறுமுனை கொழும்பு. கடலின் இருகரை வணிகரும் சேர்ந்தாலன்றிக் கப்பல் ஓடாது என்பதை அவர் அறிந்திருந்தார். இலங்கை அந்நாளிலே இந்திய அரசாங்கத்தின் கீழ் அன்று, தனி முடிக்குரிய குடியேற்ற நாடாகவே ஆளப்பட்டது. ஆட்சி பிரித்து வைத்த இரு கரைகளை ஒரு பங்குப் பத்திரத்தாற் சேர்க்க முயன்றார் என்று இதனைச் சொல்லலாம்.

தொடக்கத்திற் கம்பனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் என்னும் கம்பனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். வெள்ளைக் கம்பனியார் அக்கம்பனியை நெருக்கவே, அவர்கள் கப்பல்களைத் திருப்பி எடுத்துக்கொண்டனர். சிதம்பரம்பிள்ளை கலங்காது கொழும்புக்கு ஆளனுப்பி, பெரிய கப்பலொன்றை வாடகைக்கு வருவித்து ஓட்டத்தை நிறுத்தாது நடத்தினார். சுதேசிக் கம்பனியின் உயிர் போகவிருந்த வேளையிலே அதற்கு மூச்சுக் கொடுத்தது கொழும்புத் துறைமுகம் என்பது எம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

வாடகைக் கப்பல் என்றைக்கும் பிறர் கையிலுள்ளது. ஆதலால் அவர் சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் சென்றார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் அக்கடலிலேயே மாள்வேன் என்று சொல்லிச் சென்றதாகக் கூறுவர். திலகரின் உதவி கிட்டியது. 1907ஆம் ஆண்டிலே 'காலியா' என்னும் கப்பலும், பிரான்சு தேசத்திலிருந்து 'லாவோ' என்னும் கப்பலும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பிரயாணிகளையும் 4,000 மூடைச் சரக்கையும் ஏற்றவல்லது. பாரதியார் தமது 'இந்தியா' பத்திரிகையிலே அக்களிப்பைக் கொண்டாடி எழுதினார்.

இதற்குப் பின் நடந்ததுதான் உண்மையான போர். பிரிட்டிஷ் இந்தியா கம்பனி கொழும்புக்குரிய கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டு அணாவுக்கு இறங்கியது. வெள்ளைக் கம்பனி இனிக் கட்டணமே இல்லை என்றது. ஏறுவோருக்குக் குடையொன்றும் இனாமாகக் கொடுத்தது என்பர். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்குத் தாவீதின் கவண்கல்லால் கோலியாத்து வீழ்ந்த கதை தெரியும். வணிகத்திலே கவண்கல் போதாது. கோலியாத்திடம் உலகக் கடல்களெங்கும் கப்பல்கள் இருந்தன. ஒரு வழியில் இழந்ததை வேறு பத்து வழிகளில் ஈட்டிக்கொள்ளலாம். சுதேசிக் கம்பனிக்கோ இரண்டே கப்பல்கள், ஒரே வழி. நிலக்கரிக்குப் பணம், மாலுமிக்குச் சம்பளம், துறைமுக வரி, பழுது பார்க்கும் செலவு ஆகிய யாவும் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கொடுக்கவேண்டியவை. எட்டணாக் கட்டணத்தில் அவற்றை ஈடுசெய்தல் எங்ஙனம்? இவ்வளவும் இருந்தும், இனாம் கப்பலை விட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய மக்கள் இருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் பெருவியப்பு. அவர்களிற் பெரும்பாலார் படித்தவர் அல்லர். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். கடற்கரையிலே நாள்தோறும் கூட்டம். அவ்வூரிலே ஹார்வி சகோதரர்களின் கோரல் நூலாலை இருந்தது. நீண்ட வேலைநேரம், சிறு கூலி, வார விடுமுறையின்மை என்பவற்றால் அங்கே தொழிலாளர் வருந்தினர். பெப்ரவரி 27ஆந் திகதி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரம்பிள்ளை அவர்களுக்குத் துணைநின்று, பணம் திரட்டி, உணவுக்கு வழி செய்தார். பத்து நாள் வரையில் நூலாலை முதலாளிகள் இறங்கி வந்து, கூலியை உயர்த்தவும், வேலைநேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அளிக்கவும் இசைந்தனர். வங்கத்திலே அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை இவ்வெற்றியைப் பாராட்டியது.

இங்கே சற்று நின்று பார்த்தல் வேண்டும். அக்காலத் தேசியத் தலைவருட் பலர் வழக்கறிஞர், ஜமீன்தார், பட்டதாரிகள். அவர்கள் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினர். அல்லது இளைஞரைக் கிளர்ச்சிக்கு அழைத்தனர். ஆலைத் தொழிலாளியின் கூலியும் நாட்டின் விடுதலையும் ஒரே கேள்வியின் இரு பகுதிகள் என்று கண்டு செயலாற்றியவர் அன்று மிகச் சிலர். கப்பற் கம்பனியை மட்டும் நடத்தியிருந்தால் அரசாங்கம் அவரை ஒரு தொல்லை தரும் வணிகர் என்றே எண்ணியிருக்கும். துறைமுகத்தோடு நூலாலையையும் அவர் சேர்த்துவிட்டபோதுதான் அஞ்சியது.

விபின சந்திர பாலரின் விடுதலையை மார்ச் 9ஆந் திகதி கொண்டாட ஏற்பாடு செய்தனர். கலெக்டர் விஞ்சு தடுத்தும் கூட்டம் நடந்தது. 12ஆந் திகதி சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசாங்கக் கட்டடங்கள் தீக்கிரையாயின, பொலிசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடித் தொழிலாளர் இம்முறை கூலிக்காக அன்றி, தலைவருக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டு யூலையிலே திலகர் தண்டிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்ததை வரலாற்றாசிரியர் பெரிதாக எழுதுவர். அதற்கு நான்கு திங்கள் முன்னரே தூத்துக்குடி வழிகாட்டிவிட்டது.

யூலை 7ஆந் திகதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்கு இருபது ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாய் இருந்ததற்கு இருபது ஆண்டு எனச் சிதம்பரம்பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தீவாந்தர சிட்சை. சிவாவுக்குப் பத்து ஆண்டு. அவ்வாண்டில் இந்தியாவெங்கும் விதிக்கப்பட்ட கடுந்தண்டனைகள் குறித்து இந்தியா மந்திரி மோர்லி பிரபுவே இராஜப்பிரதிநிதி மிண்டோ பிரபுவுக்கு எழுதிய கடிதங்களில் மனக்கலக்கம் தெரிவித்தார். மேன்முறையீட்டிலே தண்டனை பெரிதும் குறைக்கப்பட்டது. ஆயினும் கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் பட்டவை குறையவில்லை. மாட்டுக்குப் பதிலாகச் செக்கிற் பூட்டப்பட்டது கோயமுத்தூரிலே. அதனை விரிக்க வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்தது.

அவர் சிறையிலிருக்க, கம்பனி என்னாயிற்று? 1911ஆம் ஆண்டளவிலே அது கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன, போட்டிக் கம்பனியிடமே கப்பலொன்று போய்ச் சேர்ந்தது என்பர். எந்தக் கையை எதிர்த்து அது வாங்கப்பட்டதோ அக்கைக்கே அது விலையானது.

இதற்கு ஆங்கிலேயரின் கொடுமையே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அஃதொன்றே காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. 25 ரூபாய்ப் பங்கு வாங்கியவர் பலர் ஆர்வத்தால் வாங்கினர். ஆர்வம் பணத்தை ஒருமுறை தரும். நட்டம் வரும்போது இரண்டாம் முறையும் தருவதற்கு வேறொரு மனம் வேண்டும். ஒருவர் தோளிலே முழுப் பாரத்தையும் வைத்துவிட்டு, அத்தோள் சிறைக்குப் போனதும் பாரத்தைக் கீழே போட்டுவிட்டனர். வணிகர்க்கு அரசாங்கத்தின் பகை அஞ்சத்தக்கதே. அவர்களைப் பழித்தல் எளிது, அவர்கள் இடத்தில் நின்று பார்த்தல் அரிது. எனினும் 40,000 பங்குகளைக் கொண்ட கம்பனியிலே சிதம்பரம்பிள்ளைக்கு அடுத்தவர் ஒருவர் இல்லாமற் போனது ஏன் என்ற கேள்வி எழாமலில்லை. சங்கம் நடத்தும் எவருக்கும் இக்கேள்வி புதிதன்று.

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி சுதேசியத்தைப் பற்றி அந்நாளிலே வேறொரு கோணத்திலிருந்து எழுதினார். 1909ஆம் ஆண்டிற் கொழும்பில் அவரது தேசிய இலட்சியக் கட்டுரைகள் நூலாக வெளிவந்தன. அந்நியப் பொருளை விலக்கி, அதே அந்நியப் பொருளை மலிவாகவும் அழகின்றியும் உள்நாட்டிற் செய்வதா சுதேசியம் என்பது அவர் வினாவின் சாரம். நாட்டின் கைத்தொழிலும் கலையும் உயிர்பெறவேண்டும் என்பது அவர் கருத்து. அது ஆழ்ந்த கருத்தே. ஆயினும் நீராவிக் கப்பலைக் கம்மாலையிலே செய்ய முடியாது. காலியாவும் லாவோவும் ஐரோப்பியர் கட்டியவையே. அவற்றின் இயந்திரத்திலே சுதேசியம் இல்லை. கட்டணச்சீட்டை எழுதிய கையிலேதான் இருந்தது. இருவருள் எவர் கூறியது சரி என்று என்னால் துணிந்து சொல்ல இயலாது. பசித்தவனுக்கு முன் இருவரும் நின்றால் அவன் யாரிடம் செல்வான் என்பது மட்டும் தெரியும்.

1912ஆம் ஆண்டு டிசெம்பரிலே சிதம்பரம்பிள்ளை விடுதலையானார். நால்வர் உயிர்கொடுத்து ஊர் கொதித்த அந்நாளின் கூட்டம் சிறைவாயிலில் இல்லை, வந்தவர் சிலரே. அவருள் ஒருவர் சிவா. வழக்கறிஞர்ப் பத்திரமும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிலே சிறுகடை நடத்தியும் பிறர் உதவியை நாடியும் குடும்பத்தைக் காத்தார். தென்னாபிரிக்க இந்தியர் அவருக்கென்று திரட்டிய சிறு தொகையொன்று காந்தியடிகளிடம் இருந்தது. அதன்பொருட்டு 1915, 1916ஆம் ஆண்டுகளில் இருவருக்குமிடையே கடிதங்கள் பல நடந்தன. ஈற்றில் வந்தது 347 ரூபாயும் 12 அணாவும். பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்திற் கம்பனி கண்டவர் அத்தொகைக்காகத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார் என்பதைப் படிக்கையில், செக்கைவிட இதுவே எனக்கு மிகுந்த துயரைத் தருகின்றது.

காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தோடு ஒத்துப்போக இயலாமல் 1920ஆம் ஆண்டிலே காங்கிரசை விட்டு விலகினார். இழந்த வழக்கறிஞர்ப் பத்திரத்தை மீட்டுத் தந்தவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. நன்றி மறவாத சிதம்பரம்பிள்ளை தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பின்ஹேயும் ஆங்கிலேயர், வாலசும் ஆங்கிலேயர். ஆட்சியைப் பகைத்தாரேயன்றி இனத்தைப் பகைத்தாரல்லர் என்பதற்கு இப்பெயரினும் சான்று வேண்டா. எஞ்சிய காலத்தைத் தமிழுக்கும் சைவத்துக்கும் ஈந்தார். திருக்குறளையும் தொல்காப்பிய இளம்பூரணத்தையும் ஆராய்ந்தார். 'மெய்யறம்', 'மெய்யறிவு' முதலியவற்றை இயற்றினார். 1935ஆம் ஆண்டிற் சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டார். 1936ஆம் ஆண்டு நவெம்பர் 18ஆந் திகதி, அவர் விரும்பியவாறே, தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.

1919ஆம் ஆண்டிலே சிந்தியாக் கம்பனியின் 'லோயல்டி' என்னும் கப்பல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடியதை இந்தியக் கப்பற்றொழிலின் தொடக்கமாகக் கொண்டாடுவர். தூத்துக்குடியின் இரு கப்பல்கள் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தியவை. தலைமன்னார் வழி திறந்தபின் கொழும்பு வழியிற் பிரயாணிகள் குறைந்தனர். 1964ஆம் ஆண்டுச் சூறாவளியிலே தனுஷ்கோடியும் அழிந்தது. 2011ஆம் ஆண்டிலே தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் அங்கிருந்து கொழும்புக்குப் பிரயாணிகள் கப்பலொன்றும் மீண்டும் புறப்பட்டது. சில திங்கள் ஓடி, நவெம்பரில் அதுவும் நின்றது.